‘ரொமான்டிக்கா’ பேசுவதும் ‘ரொமான்டிக்கா’ இருப்பதும்: வாசகர் கேள்வி-பதில்

காதலைச் சொல்லும் ஆங்கில வினையடைகளைப் பற்றி வடசென்னையிலிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும் கேள்விகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டோம். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் மட்டும் எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்கிறோம்.

கேள்வி: ‘ரொமான்டிக்கலி’ என்ற சொல்லுக்கு அகராதியில் ‘காதல் உணர்வோடு’ என்று இருக்கிறது. ஆனால் ஒரு நடிகையையும் ஒரு விளையாட்டு வீரரையும் பற்றிய ஆங்கிலச் செய்தியில் ‘ரொமான்டிக்கலி லிங்க்ட்’ என்று போட்டிருந்தார்கள். ‘காதல் உணர்வோடு இணைக்கப்பட்டார்கள்’ என்று மொழிபெயர்த்தால் பொருளே வரவில்லையே?
— கல்லூரி மாணவி, பழைய வண்ணாரப்பேட்டை

அகராதி சொல்வது தப்பில்லை, பாதிதான் சொல்கிறது. இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, ‘எப்படி?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. ‘ஹி லுக்ட் அட் ஹெர் ரொமான்டிக்கலி’ என்றால் அவளைக் காதல் ததும்பப் பார்த்தான். இன்னொன்று, ‘எந்த வகையில்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. நீங்கள் படித்த செய்தியில் இந்த இரண்டாவது வேலைதான் நடக்கிறது. காதல் விஷயத்தில் அந்த இருவர் பெயரும் சேர்த்துப் பேசப்படுகிறது என்பது பொருள்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ‘காதல் ததும்ப’ என்று போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ‘காதல் என்ற வகையில்’ என்று போடுங்கள். ‘ஐ ஆம் நாட் இன்டரெஸ்டட் இன் ஹிம் ரொமான்டிக்கலி’ என்று ஒரு பெண் சொன்னால், அவனை நண்பனாகப் பிடிக்கலாம், காதல் என்ற வகையில் நாட்டமில்லை என்று அர்த்தம். ‘அவன்மேல் காதல் உணர்வோடு ஆர்வமில்லை’ என்று எழுதினால் தமிழும் கெட்டது, பொருளும் கெட்டது. ‘பொருளாதார ரீதியாக’, ‘அரசியல் ரீதியாக’ என்று நாம் சொல்கிறோமே, அந்த ‘ரீதியாக’வின் இடம் இது. வாக்கியத்தின் தலையில் இந்தச் சொல் வந்து அதற்குப் பிறகு ஒரு கமா இருந்தால், அநேகமாக இந்த இரண்டாவது பொருள்தான்.

‘லிங்க்ட்’ என்பதையும் ‘இன்வால்வ்ட்’ என்பதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ‘ரொமான்டிக்கலி லிங்க்ட்’ என்று எழுதும் நிருபர் எதையும் உறுதி செய்யவில்லை. ஊர் அப்படிப் பேசுகிறது என்கிறார். கிசுகிசுவின் சொல் அது. ‘ரொமான்டிக்கலி இன்வால்வ்ட்’ என்றால் இருவரும் உண்மையிலேயே காதலிக்கிறார்கள். முதலாவதை ‘காதலிக்கிறார்கள்’ என்று மொழிபெயர்த்துப் போடுவது ஒருவரின் பெயரோடு விளையாடுவதாகிவிடும். ‘காதல் என்று பேச்சு அடிபடுகிறது’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காதலர்களே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும். மங்கலான விளக்கு வைத்த கூடத்தை ‘ரொமான்டிக்கலி லிட்’ என்பார்கள். அங்கே இருப்பது சூழல் மட்டும்தான். யதார்த்தத்தை மறந்து கற்பனையில் மிதப்பதற்கும் இதுவே சொல். ‘ஹி ரைட்ஸ் ரொமான்டிக்கலி அபவுட் தி சீ’ என்று ஒரு விமர்சகர் எழுதினால், அது பெரும்பாலும் பாராட்டு இல்லை. வலையும் டீசல் செலவும் புயல் எச்சரிக்கையும் காசிமேட்டுக்காரர்களுக்குத் தெரியும். இவர் கரையில் நின்று அலையை மட்டும் பார்த்து எழுதுகிறார் என்பதுதான் அந்த விமர்சனம்.

கேள்வி: டியூஷன் எடுக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ‘ஷி இஸ் பியூட்டிஃபுலி’, ‘ஹி இஸ் ரொமான்டிக்கலி’ என்று எழுதுகிறார்கள். அதே பிள்ளைகள் ‘ஹி ஸ்பீக்ஸ் ரொமான்டிக்’ என்றும் எழுதுகிறார்கள். தேவையில்லாத இடத்தில் எல்-ஒய் வருகிறது, தேவையான இடத்தில் காணாமல் போகிறது. எப்படிப் புரிய வைப்பது?
— டியூஷன் ஆசிரியை, ராயபுரம்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது. பிள்ளைகள் கவனக்குறைவாக எழுதவில்லை. தமிழை ஒழுங்காகப் பின்பற்றித்தான் தவறுகிறார்கள்.

தமிழில் ‘அவர் ரொமான்டிக்கா பேசுறார்’ என்கிறோம், ‘அவர் ரொமான்டிக்கா இருக்கார்’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் அதே ‘ஆ’. எழுத்துத் தமிழில் ‘ஆக’. அழகாகப் பாடுகிறாள், அழகாக இருக்கிறாள். நம் மொழிக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலம் இங்கே இரண்டாகப் பிரிகிறது. பேசுவது ஒரு செயல்; அந்தச் செயலுக்கு அடை வேண்டும், அதனால் எல்-ஒய் வருகிறது: ‘ஹி ஸ்பீக்ஸ் ரொமான்டிக்கலி’. இருப்பது செயல் இல்லை. அங்கே அந்த ஆளைத்தான் வர்ணிக்கிறோம், அதனால் வெறும் பெயரடை போதும்: ‘ஹி இஸ் ரொமான்டிக்’. எல்லா ‘ஆக’வுக்கும் எல்-ஒய் என்று பிள்ளை கணக்குப் போட்டால் ‘ஹி இஸ் ரொமான்டிக்கலி’ வந்துவிடும்.

எதிர்த் தவறுக்கும் காரணம் அதே ‘ஆ’தான். ‘ரொமான்டிக்கா’ என்று பேசும்போது ‘ரொமான்டிக்’ என்ற பெயரடையைத்தான் கடன் வாங்குகிறோம். வினையடையாக்கும் வேலையை நம் ‘ஆ’ செய்துவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது பிள்ளை அந்த ‘ஆ’வை மட்டும் கழற்றிவிட்டு மிச்சத்தை வைக்கிறது. வினையடையாக்க எதுவும் மிஞ்சவில்லை. ‘ஹி ஸ்பீக்ஸ் ரொமான்டிக்’ பிறப்பது இப்படித்தான்.

வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். ‘ஆக’ வரும் பத்துத் தமிழ் வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். இரு, தெரி, ஆகு, தோன்று ஆகியவற்றில் முடிபவற்றைப் பிள்ளைகள் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். பாடு, ஓடு, பேசு, பார் போன்றவை மறுபக்கம். முதல் பக்கத்துக்கு எல்-ஒய் கிடையாது, மறுபக்கத்துக்கு உண்டு. இவ்வளவையும் தமிழிலேயே முடித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் விதி மனப்பாடமாகும், கை பழைய தவறையே எழுதும்.

‘லுக்’, ‘சவுண்ட்’, ‘ஃபீல்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’ ஆகிய ஐந்தும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘தி சாங் சவுண்ட்ஸ் ரொமான்டிக்’ என்பதில் ‘இஸ்’ போட்டாலும் வாக்கியம் நிற்கிறது. எனவே எல்-ஒய் வேண்டாம். இவற்றில் ‘லுக்’ இரண்டு முகம் காட்டும். ‘ஷி லுக்ஸ் லவ்லி’ என்றால் அவள் பார்க்க அழகாக இருக்கிறாள். ‘ஷி லுக்ஸ் அட் ஹிம் லவ்விங்லி’ என்றால் அவள் அவனை அன்பாகப் பார்க்கிறாள். ‘அட்’ வந்துவிட்டால் பார்ப்பது செயலாகிவிட்டது என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்தே திருத்திவிடலாம். ‘அவளை உருகி உருகிக் காதலித்தான்’ என்பதில் அடை வினைக்கு ஒட்டி முன்னால் நிற்கிறது. பிள்ளைகள் செயப்படுபொருளைக் கடைசிக்குத் தள்ளி, ‘ஹி லவ்ட் பேஷனட்லி ஹெர்’ என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் அடை நுழைய முடியாது. ‘ஹி லவ்ட் ஹெர் பேஷனட்லி’ அல்லது ‘ஹி பேஷனட்லி லவ்ட் ஹெர்’. ‘ஐ லைக் வெரி மச் திஸ் சாங்’ என்பதும் இதே தவறுதான்.

கேள்வி: ‘லவ்லி’ என்பதிலும் எல்-ஒய் இருக்கிறதே? ‘ஹி ஸ்போக் லவ்லி’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விட்டது.
— பிளஸ் டூ மாணவர், பெரம்பூர்

போக வேண்டியதுதான். ‘லவ்லி’ பெயரடை. ‘ஃப்ரண்ட்லி’, ‘லோன்லி’, ‘காஸ்ட்லி’ எல்லாம் அப்படியே. ‘ஹி ஸ்போக் இன் எ ஃப்ரண்ட்லி வே’ என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். அன்பாகப் பேசினார் என்பதற்கு ‘லவ்விங்லி’ இருக்கிறது. லவ்விங் என்ற பெயரடையோடு எல்-ஒய் சேர்ந்தது.

ஒரே வால் இரண்டு வேலை செய்வதற்குக் காரணம் பழைய ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘லிக்’ என்றால் உடல், உருவம். அதிலிருந்து பெயரடைக்கு ‘லிச்’ என்றும், வினையடைக்கு ‘லிச்செ’ என்றும் இரண்டு விகுதிகள் இருந்தன. காலப்போக்கில் கடைசி ஒலிகள் தேய்ந்து இரண்டும் ‘லி’ என்று ஒன்றாகிவிட்டன. ‘போல’ என்று பொருள்படும் ‘லைக்’ இதே குடும்பம்.

கேள்வி: ‘ரொமான்டிக்கலி’ என்பதில் எத்தனை எல்? உச்சரிப்பு என்ன?
— தட்டச்சுப் பணியாளர், பிராட்வே

இரண்டு எல். மொத்தம் 12 எழுத்து: ஆர்-ஓ-எம்-ஏ-என்-டி-ஐ-சி, அதன் பிறகு ஏ-எல்-எல்-ஒய். ஐ-சி-யில் முடியும் பெயரடைகளுக்கு ஏ-எல்-எல்-ஒய் சேர்ப்பது வழக்கம். ‘பேசிக்’, ‘டிராமாட்டிக்’, ‘ஆட்டோமேட்டிக்’ எல்லாவற்றுக்கும் அப்படித்தான். விதிவிலக்கு ‘பப்ளிக்’: அதற்கு எல்-ஒய் மட்டும். அதில் ஏ-எல் நுழைத்து எழுதுவதை அரசாங்க அறிவிப்பிலும் பார்க்க முடிகிறது, தவறு.

எழுத்தில் அந்த ‘ஏ’ இருந்தாலும் வாயில் வராது. ரோ-மான்-டிக்-லி, நான்கே அசை, அழுத்தம் ‘மான்’ மேல். ‘ரொமான்டிக்கலி’ என்று தமிழில் எழுதுவது எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்க உதவுகிறது. சொல்லும்போது ‘க’வை விட்டுவிடுங்கள்.

கேள்வி: திருமண நாள் வாழ்த்து பேனருக்கு ஆங்கில வரி எழுதித் தருகிறேன். ‘காதலோடு’ என்பதற்கு இணையச் சொற்பட்டியல் ‘அமரஸ்லி’, ‘பேஷனட்லி’, ‘ஃபாண்ட்லி’, ‘டியர்லி’, ‘அஃபெக்ஷனட்லி’ என்று அள்ளிக் கொட்டுகிறது. எதை வேண்டுமானாலும் போடலாமா?
— ஃபிளெக்ஸ் கடை வடிவமைப்பாளர், காசிமேடு

கூடாது. முதலில் ‘அமரஸ்லி’யை விட்டுவிடுங்கள். லத்தீன் ‘அமோர்’, அதாவது காதல் என்ற சொல்லின் வழி வந்ததுதான். ஒருகாலத்தில் பொதுவாகக் காதலைக் குறித்தது. இன்று உடல் வேட்கையின் பக்கம் சாய்ந்துவிட்டது. திருக்குறளின் மூன்றாம் பாலில், 25 அதிகாரங்களிலும் 250 குறள்களிலும், ‘காமம்’ என்பது காதலைத்தான் சொல்கிறது. இன்று அந்தச் சொல்லை வாழ்த்தில் போடுவோமா? அதே நிலைதான் ‘அமரஸ்லி’க்கும். மாமனார், மாமியார், பேரப்பிள்ளைகள் எல்லாம் நிற்கும் தெருமுனை பேனரில் அது கூச்சத்தை உண்டாக்கும்.

‘பேஷனட்லி’ வேகமான சொல். காதலுக்கு மட்டும் உரியதும் இல்லை. கொள்கைக்காக ஆவேசமாக வாதாடுவதும் ‘பேஷனட்லி’தான். மூலம் லத்தீனில் துன்புறுதல் என்ற பொருளுடையது. 50 ஆண்டு ஒன்றாக வாழ்ந்த தம்பதிக்கு இது இடறும்.

‘அஃபெக்ஷனட்லி’ பாசத்துக்கு உரியது. பிள்ளை, நண்பர், அண்ணன், ஊர்ப் பெரியவர் எல்லோருக்கும் பொருந்தும். இதன் மிகச் சிறந்த பயன்பாடு ‘அஃபெக்ஷனட்லி கால்ட்’ என்ற தொடர். நாம் ‘செல்லமாக அழைக்கப்படுபவர்’ என்கிறோமே, அது அப்படியே. உங்கள் தொழிலில் பட்டப்பெயர் இல்லாத பேனர் குறைவு. இந்தத் தொடர் அடிக்கடி உதவும்.

‘டியர்லி’ காதலுக்கும் பாசத்துக்கும் சேரும்: ‘ஷி லவ்ஸ் ஹிம் டியர்லி’. ஆனால் ‘லவ்’ போன்ற வினையோடு சேர்ந்து வர வேண்டும். ‘ஹி பெய்ட் டியர்லி’ என்றால் அன்பாகப் பணம் கொடுத்தார் என்று ஆகாது. பெரிய விலை கொடுத்து அனுபவித்தார் என்று ஆகும். ‘டியர்’ என்பதற்கு விலை உயர்ந்தது என்றும் பொருள் உண்டு. நம் ‘அருமை’யிலும் கிடைப்பதற்கு அரியது, அன்புக்குரியது என்ற இரண்டும் இருக்கின்றன, அதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

‘ஃபாண்ட்லி’ நினைவோடு சேரும் சொல். ‘ஃபாண்ட்லி ரிமெம்பர்ட்’ என்பதைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்குத் தாராளமாகப் போடலாம். ஆனால் ‘ஹோப்’, ‘இமாஜின்’ ஆகியவற்றுக்கு முன்னால் வந்தால் பொருள் திரும்பிவிடும்: ‘ஹி ஃபாண்ட்லி ஹோப்ட்’ என்றால் விவரம் புரியாமல் நம்பிக்கொண்டிருந்தான். ‘ஃபாண்ட்’ என்பதன் பழைய பொருளே பேதைமை.

திருமண நாள் பேனருக்கு ‘லவ்விங்லி’ போதும், அதுவும் பார்த்துப் போட வேண்டும். ‘விஷ் யூ லவ்விங்லி’ என்பது ‘அன்புடன் வாழ்த்துகிறோம்’ என்பதன் நேர்பெயர்ப்பு, ஆங்கிலமாக இல்லை. ‘வித் லவ் ஃப்ரம்’ என்று போட்டுக் குடும்பத்தார் பெயர்களை எழுதுங்கள். சுருக்கமாக இருக்கும், அச்செழுத்தும் பெரிதாகப் போடலாம்.

கேள்வி: வேலைக்குச் சேரும் படிவத்தில் ‘ஆர் யூ ரொமான்டிக்கலி இன்வால்வ்ட் வித் எனி எம்ப்ளாயீ?’ என்று கேட்கிறார்கள். என் கணவர் அதே நிறுவனத்தில் இருக்கிறார். கல்யாணமாகி ஏழு வருடம். ‘ஆமாம்’ போடுவதா, ‘இல்லை’ போடுவதா?
— வாசகி, எண்ணூர்

‘ரொமான்டிக்’ என்றால் சினிமாவில் வரும் மாதிரி என்று எண்ணி ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள். இங்கே அந்தச் சொல் உறவின் வகையைக் குறிக்கிறது. ஒருவர்மேல் ஒருவருக்கு வேலை சார்ந்த சலுகை காட்ட வாய்ப்பிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே கேட்கிறார்கள். உறவினர் பற்றித் தனி வரி இருந்தால் கணவரின் பெயரும் பிரிவும் அங்கே வர வேண்டும். தனி வரி இல்லாவிட்டால் ‘யெஸ்’ என்று போட்டு, பக்கத்தில் ‘மை ஹஸ்பண்ட்’ என்று எழுதி, அவர் எந்தப் பிரிவு என்று சேர்த்துவிடுங்கள். மறைத்தார் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: வங்கி மேலாளருக்கு எழுதிய கடிதத்தை ‘யுவர்ஸ் லவ்விங்லி’ என்று முடித்தேன். சிரிக்கிறார்கள். அன்பாக முடிப்பதில் என்ன தவறு?
— வாசகர், திருவொற்றியூர்

சிரித்தவர்கள் திருத்தியும் கொடுத்திருக்கலாம். ஆங்கிலக் கடிதத்தில் முடிவு வரி தொடக்க வரியைப் பொறுத்தது. ‘டியர் சார்’ அல்லது ‘டியர் மேடம்’ என்று பெயரில்லாமல் தொடங்கினால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி’. ‘டியர் மிஸ்டர்’ போட்டுப் பெயர் எழுதினால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. பள்ளி விடுப்புக் கடிதத்தில் நம் ஊரில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ வழக்கம். வங்கிக்கு அது தேவையில்லை. ‘லவ்விங்லி’யும் ‘அஃபெக்ஷனட்லி’யும் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பருக்கும் மட்டும்.

‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்-ஸுக்கு முன் அபாஸ்ட்ரஃபி (மேற்புள்ளி) கிடையாது. முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. மகனுக்கு எழுதும்போது ‘யுவர் லவ்விங் ஃபாதர்’ என்று முடித்தால் அங்கே ‘லவ்விங்லி’ வராது. பின்னால் ‘ஃபாதர்’ என்ற பெயர்ச்சொல் இருக்கிறது, அதனால் பெயரடை.

கேள்வி: வேர்ட்ஸ்வொர்த்தை ‘ரொமான்டிக்’ கவிஞர் என்கிறார்கள். அவர் எழுதியது காதல் கவிதைகளா? இந்தச் சொல்லுக்கும் ரோமுக்கும் தொடர்பு உண்டா?
— இலக்கிய மாணவர், வியாசர்பாடி

தொடர்பு உண்டு, அதுவும் வினையடை வழியாகவே. பிற்கால லத்தீனில் ‘ரோமானிகே’ என்றால் ‘ரோமானியர் முறையில்’ என்று பொருள். ஏட்டு லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய மொழியில் எழுதுவதை அப்படிச் சொன்னார்கள். அது பழைய பிரெஞ்சுக்குப் போய், மக்கள் மொழியில் சொன்ன கதைக்கே பெயரானது. அந்தக் கதைகளில் வீரர்களின் சாகசமும் காதலும் நிறைந்திருந்தன. 17ஆம் நூற்றாண்டில் ‘அந்தக் கதைகளில் வருவது போன்ற’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘ரொமான்டிக்’ வந்தது. பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் ஆகியவற்றை ‘ரொமான்ஸ்’ மொழிகள் என்பதும் இதனால்தான்; அங்கே காதலுக்கு வேலையில்லை.

வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் 1798இல் வெளியிட்ட ‘லிரிக்கல் பேலட்ஸ்’ தொகுப்பை ஆங்கிலத்தில் ‘ரொமான்டிக்’ இலக்கிய இயக்கத்தின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். இயற்கை, கற்பனை, தனிமனித உணர்வு, சாதாரண மக்களின் பேச்சு ஆகியவை அதன் அக்கறைகள். தேர்வில் இயக்கத்தைக் குறிக்கும்போது பெரிய ‘ஆர்’ போடுங்கள். ‘வேர்ட்ஸ்வொர்த் ரோட் ரொமான்டிக்கலி’ என்று மட்டும் எழுத வேண்டாம். திருத்துபவர் காதல் ததும்ப எழுதினார் என்றே படிப்பார்.

கேள்வி: எங்க ஏரியாவில் ‘டாவு அடிக்கிறான்’, ‘ஒன் சைடா லவ் பண்றான்’, ‘செட் ஆயிடுச்சு’ என்கிறார்கள். சரியான ஆங்கிலம் என்ன?
— வாசகர், கொடுங்கையூர்

வினையடையைத் தேடாதீர்கள், இங்கே ஆங்கிலம் வினையையும் தொடரையும் கொண்டே பேசும். டாவு அடிப்பது ‘ஃப்ளர்ட்’: ‘ஹி இஸ் ஃப்ளர்ட்டிங் வித் ஹெர்’. டாவு என்று ஆளையே சொன்னால் ‘கேர்ள்ஃப்ரெண்ட்’ அல்லது ‘பாய்ஃப்ரெண்ட்’. செட் ஆகிவிட்டது என்பதற்கு ‘தே ஆர் சீயிங் ஈச் அதர்’. ‘ஹி லவ்ஸ் ஹெர் ஒன் சைட்’ என்பது ஆங்கிலம் இல்லை. ‘ஹிஸ் லவ் இஸ் ஒன் சைடட்’ என்றோ, கொஞ்சம் ஏட்டு நடையில் ‘அன்ரிக்வைட்டட் லவ்’ என்றோ எழுதலாம். தொல்காப்பியம் கைக்கிளை என்று ஒரே சொல்லில் தந்துவிட்டதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் வேண்டியிருக்கிறது. ‘ஐ ஆம் லவ்விங் ஹெர் ஃபார் டூ இயர்ஸ்’ என்பதையும் ‘ஐ ஹேவ் லவ்ட் ஹெர் ஃபார் டூ இயர்ஸ்’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘உயிருக்கு உயிராகக் காதலித்தான்’: இதற்கு ஒரு நல்ல ஆங்கில அடை சொல்லுங்களேன்.
— மொழிபெயர்ப்பு பழகும் வாசகி, தண்டையார்பேட்டை

ஒரே சொல்லில் வராது. ‘வித் ஆல் ஹிஸ் ஹார்ட்’ பக்கத்தில் வரும். ‘லைஃப் டு லைஃப்’ என்று எழுதினால் ஆங்கிலம் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ‘டீப்லி’யும் ‘மேட்லி’யும் ‘இன் லவ்’ என்பதற்கு முன்னால் நன்றாக ஒட்டும்: ‘ஹி வாஸ் டீப்லி இன் லவ்’. ‘மேட்லி’ புதிதாகக் காதலில் விழுந்தவரின் வேகம்.

‘ஹெட் ஓவர் ஹீல்ஸ்’ என்று ஒரு தொடர் இருக்கிறது. நம் ‘தலைகால் புரியாமல்’ என்பதற்கு மிக அருகில் நிற்பது. தலை குதிகாலுக்கு மேலேதானே எப்போதும் இருக்கும், அதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். பழைய வடிவம் ‘ஹீல்ஸ் ஓவர் ஹெட்’, அதாவது குட்டிக்கரணம் அடித்தது போல. பின்னால் சொற்கள் இடம் மாறிவிட்டன. காதலின் முதல் நாட்களுக்குத்தான் இது சரி. நீங்கள் மொழிபெயர்க்கும் கதையில் அந்த இருவரும் பல வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்றால், ‘தே வேர் டிவோட்டட் டு ஈச் அதர்’ என்று எழுதுங்கள். அதில் வினையடை இல்லை, ஆனால் ‘உயிருக்கு உயிராக’ இருக்கிறது.